காணிப் பிணக்கும் இருபக்க விசாரணையும்



காணி வழக்கென்றால் நம்மவர்க்குத் தனியான ஒரு சுவை உண்டென்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அரைப் பரப்புக்காக மூன்று பரப்பை விற்று வழக்காடிய குடும்பங்களும், வேலிக் கதியாலை ஒரு சாண் நகர்த்தியதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன அயலவர்களும் இல்லாத ஊர் எது? ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்வழக்குகளின் வெற்றி தோல்வியன்று. ஒரு காணி இன்னாருக்குரியது என்று ஏட்டிலே எழுதப்படுமுன்னரும், எழுதப்பட்டது மாற்றப்படுமுன்னரும், அதனால் பாதிக்கப்படக்கூடியவரை அழைத்து, அவர் சொல்வதைச் செவிமடுத்தல் வேண்டும் என்று ஒரு நியதி உண்டு. சட்டம் கற்றோர் அதனை இயற்கை நீதியின் ஒரு கூறு என்பர். அந்நியதி எங்கிருந்து வந்தது, நம் நாட்டுக் காணிச் சட்டங்களில் அஃது எவ்வளவு தூரம் இடம்பெற்றுள்ளது, சாதாரண மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பவற்றையே கூற விழைகின்றேன்.

இந்நியதி மேல்நாட்டாரிடமிருந்து நாம் இரவல் வாங்கியது என்று எண்ணுவோர் பெரியபுராணத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். சுந்தரமூர்த்தி நாயனாரின் மணப்பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, இம்மணமகன் எனக்கு அடிமை என்கின்றார். அவன் பாட்டன் எழுதித்தந்த ஓலை என்னிடம் உண்டு என்கின்றார். கோபமுற்ற மணமகன் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகின்றது. பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட வரலாறு. ஆனால் ஒரு நீதிமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பாகவும் இதனைப் படிக்கலாம். அவையோர் முதலில் வாதியின் கூற்றைக் கேட்கின்றனர். அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் இல்லையே என்று தம் ஐயத்தை வெளிப்படையாகவே சொல்கின்றனர். எதிரியின் மறுமொழியையும் கேட்கின்றனர். பின்பு வாதியை நோக்கி, நெடுங்கால அநுபோகத்தாலோ, எழுதிய பத்திரத்தாலோ, அயலவர் சாட்சியத்தாலோ உமது கூற்றை நிலைநாட்டும் என்று பணிக்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கின்றது என்று கிழவர் சொன்னபோது, அதுவும் கிழிபடாதவாறு தாம் காப்பதாக அவை வாக்குக் கொடுக்கின்றது. பின்னர் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு வருகின்றது. ஆவணத்தை அழிவினின்று காத்தல், மூலத்தையும் படியையும் வேறுபடுத்தல், கையெழுத்தை ஒப்பிடல் ஆகிய இவை அனைத்தும் இன்றைய மாவட்ட நீதிமன்றத்திலும் நடப்பவையே.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் இக்கருத்தின் சாயல் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் திரட்டிய அத்தொகுப்பின்படி காணி விற்க நினைப்பவர் தம் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். முன்னுரிமை உடையோர் வந்து கேட்க இடமளிக்கவேண்டும். ஒல்லாந்தர் அதற்கு மேலும் ஒரு வழி செய்தனர். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலே, மக்கள் கூடியிருக்கும் வேளையில், விற்பனை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. ஊர் கூடும் இடத்தில், ஊர் கூடும் நாளில், ஊராரின் மொழியில், ஒருமுறைக்கு மூன்று முறை அறிவித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

காணிகளையும் குடும்பங்களையும் பதிந்துவைத்த தோம்பு ஏடுகளும் அக்காலத்தவையே. பிறப்பு, விவாகம் முதலியவற்றைப் பதிந்த பள்ளித் தோம்பு எழுதும் வேலை பள்ளியாசிரியர் தலையில் விழுந்தது. இன்றும் குடிமதிப்பு என்றாலும் தேர்தல் என்றாலும் எங்களைத்தானே தேடுகின்றார்கள்!

ஆங்கிலச் சட்டத்தில் இந்நியதி வளர்ந்த கதை சுவையானது. 1723 ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் பென்ட்லி என்னும் அறிஞரின் பட்டங்களை, அவரை அழைத்துக் கேளாமலே பறித்த வழக்கில், நீதிபதி ஒருவர் ஏதேன் தோட்டத்தை நினைவூட்டினார். இறைவனுங்கூட ஆதாமை அழைத்து, நீ என்ன செய்தாய் என்று வினவிய பின்னரே தண்டித்தான் என்பது அவர் கூற்றின் சாரம். எல்லாம் அறிந்தவனே வினவினான் என்றால், ஓர் எழுதுவினைஞரின் குறிப்பை மட்டும் படித்த அலுவலர் வினவாதிருக்கலாமோ?

நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1863 ஆம் ஆண்டில் இலண்டனில் தீர்க்கப்பட்ட வழக்கு. வான்ட்ஸ்வேர்த் என்னும் பகுதியில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினார். கட்டுமுன் உள்ளூர்ச் சபைக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கொடாவிடின் இடித்துவிடச் சபைக்கு அதிகாரம். அறிவித்தல் கிடைக்கவில்லை என்று சபையார் இரண்டாம் மாடிவரை எழுந்திருந்த வீட்டை இடித்துத் தள்ளினர். இடிக்குமுன் உரியவரைக் கேட்கவேண்டும் என்று சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் நீதிமன்றம் சபையைக் குற்றப்படுத்தியது. சட்டமன்றம் எழுதாது விட்ட குறையைப் பொதுச் சட்டத்தின் நீதி நிரப்பும் என்பதே நீதிபதி பைல்ஸ் காட்டிய வழி. இன்றுவரை வழக்கறிஞர்கள் விடாது எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. வீடும் நிலமும் பறிபோகும் இடத்தில், சட்டம் மௌனமாக இருந்தாலும் கேட்கப்படும் உரிமை மௌனமாக இருப்பதில்லை.

இலங்கையிலே இந்நியதி ஒருமுறை பின்வாங்கியது என்றுகூடச் சொல்லலாம். துணி வியாபாரி ஒருவரின் அனுமதிப்பத்திரத்தைத் துணிக் கட்டுப்பாட்டாளர் இரத்துச்செய்த வழக்கு, அக்காலத்தில் நம் நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த கோமறைக் கழகத்துக்கு 1950 இல் சென்றது. கட்டுப்பாட்டாளர் செய்தது நிருவாகச் செயலேயன்றி நீதிமுறைச் செயலன்று என்று அக்கழகம் கூறிவிட்டது. நிருவாகம் என்று பெயர் சூட்டிவிட்டால் கேட்கவேண்டியதில்லை என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1963 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பொலிஸ் அதிகாரி ஒருவரின் பதவி நீக்க வழக்கிலே, அவ்வெண்ணத்தைத் திருத்தியது.

அதன் பின் வந்தது நம் யாழ்ப்பாணத்து வழக்கு. 1966 இல் உள்ளூராட்சி அமைச்சர் யாழ்ப்பாண மாநகரசபையைக் கலைத்தார். சபையின் விளக்கத்தைக் கேட்கவில்லை. மாநகர முதல்வர் துரையப்பா வழக்குத் தொடுத்தார். 1967 இல் கோமறைக் கழகம், சபையைக் கேட்டிருக்கவேண்டும் என்றே கருதியது. சபை தன் சொத்துக்கள் மீதுள்ள ஆட்சியையும் இழக்கின்றது என்பதை அது கருத்திற்கொண்டது. ஆயினும் முறையிடவேண்டியது சபையேயன்றி முதல்வர் தனித்து அன்று என்று கூறி வழக்கைத் தள்ளியது. கொள்கையிலே வெற்றி, வழக்கிலே தோல்வி! காணிக்காரர் இதிலிருந்து அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பங்குக் காணியில் ஒரு பங்காளர் மட்டும் ஓடித்திரிந்தாற் போதாது. உரிமையுடையவர் எவரோ அவர் பெயரில், உரிய காலத்தில் எழுத்தில் முறையிடவேண்டும்.

இனி, இன்றைய ஏடுகளுக்கு வருவோம். காணிப் பதிவகத்தில் உறுதி பதியப்பட்டுவிட்டால் காணி தமதாகிவிட்டது என்று நம்புவோர் பலர். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழே பதியப்படுவது உறுதி என்னும் ஆவணமேயன்றி உரித்து அன்று. பதிவாளர் நீதிபதியல்லர். விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று அவர் விசாரிப்பதில்லை. ஆதலாற்றான், வெளிநாட்டிலிருப்பவர் காணிக்குக் கள்ள உறுதி முடித்து அதனையும் பதிந்துவிட முடிகின்றது. உரியவருக்கு ஓர் அறிவித்தலும் போவதில்லை. ஊருக்கு வந்து பார்க்கும்போது மதில் எழுந்திருக்கும். எனினும் இம்முறையில் ஓர் ஆறுதல் உண்டு. பதிவு உரித்தைத் தராதபடியால், உரித்து யாருடையது என்னும் வினா மாவட்ட நீதிமன்றத்தில் இருதரப்பையும் கேட்டுத் தீர்க்கப்படும் வரை திறந்தே கிடக்கும்.

1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. பிம் சவிய என்னும் பெயரால் மக்கள் அறிந்த திட்டம் இதுவே. தென் அவுஸ்திரேலியாவில் 1858 இல் டொரென்ஸ் என்பவர் ஏற்படுத்திய முறையைத் தழுவியது. இம்முறையில் ஏடே உரித்தாகின்றது. காணிகள் அளக்கப்பட்டு, உரிமை கோருவோர் அறிவித்தல் மூலம் அழைக்கப்பட்டு, ஆணையாளரின் விசாரணைக்குப் பின் உரித்துப் பதியப்படுகின்றது. முறை சிறந்ததுதான், நூறு ஆண்டு உறுதிகளைப் புரட்டும் தொல்லை நீங்கும். ஆனால் பதிவுக்குப் பின் திருத்துவது கடினமாகும் அளவுக்கு, பதிவுக்கு முன் நடக்கும் விசாரணையின் பெறுமதி உயர்கின்றது. வாசற்கதவு பின்னர் இறுகப் பூட்டப்படும் என்றால், பூட்டுமுன் எல்லாரையும் உரக்க அழைக்கவேண்டியது கடமையன்றோ?

அழைப்பது எப்படி என்பதிலேதான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. 1931 ஆம் ஆண்டின் காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். குறித்த காலத்துள் உரிமை கோருவார் எவரும் இல்லையேல் காணி அரசுக்குரியதாக வெளிப்படுத்தப்படலாம் என்பது அதன் வழி. அந்தக் காலம் மூன்று மாதம் என்று அறிவித்தலில் வரும். 2025 ஆம் ஆண்டு மார்ச்சு 28 ஆந் திகதி, வடமாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணி தொடர்பாக இச்சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. அப்பகுதி மக்களின் நிலையை நினையுங்கள். 1983 தொடக்கம் 2009 வரை யுத்தம். எத்தனை இடப்பெயர்வு! உறுதிப் பெட்டி எரிந்தவர், உறுதியையே கண்டிராத பேரப்பிள்ளைகள், கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழகத்து முகாம்களிலும் இருப்பவர்கள். இவர்களுள் எத்தனைபேர் வர்த்தமானி படிப்பார்கள்? மூன்று மாதத்துள் அளவைப் படமும் உறுதிப் பிரதியும் தேடி எடுத்து உரிமை கோருவது எங்ஙனம்? இவ்விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், மூன்று மாத எல்லை முடியுந் தறுவாயில், அவ்வாண்டு யூன் மாதத்தில், இடைக்காலத் தடை வழங்கப்பட்டது.

அரசியலைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அறிவித்தல் என்பது அறிவிக்கவேண்டும் என்பதே நான் சொல்வது. 1931 இல் ஊரிலே பறை அறைந்தால் உரியவன் காதில் விழுந்தது. உரியவன் ஊரிலேயே இருந்தான். பிரிவினை வழக்குகளிற்கூட அறிவித்தலைக் காணியில் ஒட்டிப் பறையறைந்து தெரிவிக்கும் வழக்கம் சட்டத்தில் ஏறியது இதனாலேயே. ஊரே கலைந்துபோன பின் பறை அறைந்தவனுக்கும் வேப்பமரத்துக்கும்தான் செய்தி தெரியும். யுத்தகாலத்தின் இவ்விடர்ப்பாட்டைச் சட்டமன்றமே ஒருமுறை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் தம் காணிக்குப் போக இயலாதிருந்தோருக்கு எதிராக, அக்காலம் கணக்கில் எடுக்கப்படலாகாது என்றது. ஆட்சியுரிமைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை அறிவித்தலுக்கும் ஏற்றுக்கொள்ளப்படவேண்டும் என்பது என் கருத்து.

கேட்கும் உரிமையை மிகவும் சுருக்கிய சட்டமும் நம்மிடம் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீளப்பெறுதற் சட்டத்தின் கீழ், இஃது அரச காணி என்று தகுதிவாய்ந்த அதிகாரி கருதினால் வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கலாம். வெளியேறாவிடின் நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். அங்கே குடியிருப்பவர் காட்டக்கூடியது ஒன்றே: அரசாங்கம் தந்த வலுவுள்ள அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம். இது என் முதுசக் காணி, அரச காணியன்று என்று அவர் எவ்வளவு வாதித்தாலும் நீதவான் அதனுள் நுழைய இயலாது. உரித்தை நிலைநாட்ட மாவட்ட நீதிமன்றத்தில் தனிவழக்கு வைக்கலாம். அதிகாரியின் முடிவை எழுத்தாணை கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஆனால் கூலிவேலை செய்பவருக்கு இவ்விரண்டும் எட்டாத் தொலைவு. அரச காணியைக் களவாகப் பிடிப்போரை எழுப்ப விரைவான வழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், காணி அரசுக்குரியதா என்னும் மூலவினாவிலேயே பிணக்கு இருக்கும்போது, பிணக்கில் ஒரு தரப்பாயுள்ளவரின் கருத்தே முடிவாவது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாது என்னும் இயற்கை நீதியின் மற்றைய கூற்றுடன் இசையவில்லை.

காணி சுவீகரிப்பில் நீதிமன்றம் நல்லதொரு வழி காட்டியிருக்கின்றது. 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டப்படி ஆட்சேபங்கள் கேட்கப்படவேண்டும். ஆனால் பொதுத் தேவை என்று மட்டும் எழுதி, எத்தேவை என்று சொல்லாது விட்டால் எதனை ஆட்சேபிப்பது? 2000 ஆம் ஆண்டில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வழங்கிய தீர்ப்பு, அத்தேவை இன்னதென்று காணிக்காரருக்கு வெளிப்படுத்தப்படவேண்டும் என்று கூறிற்று. கேட்பது என்றால் கதிரையில் அமர்ந்து காதைக் கொடுத்தல் மாத்திரமன்று. எதனைப்பற்றிப் பேசவேண்டும் என்பதை முதலில் பேசுபவருக்குச் சொல்லுதலும் அதில் அடங்கும்.

நாட்டுப்புறப் பாடசாலை அதிபருக்குப் படிப்பிப்பதைவிடக் கடிதம் வாசிப்பதிலேயே பாதிநாள் போகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், என் பாடசாலையில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவிட்டிருந்த விதவைத் தாய் ஒருத்தி, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்துடன் வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அஃது எழுதப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரக் காணியில் கணவன் பெயருக்குப் பின் கணவனின் தமையன் பெயரைப் பதிவதற்கான விசாரணை என்பதே அதன் பொருள். விசாரணை நாளோ இரண்டு நாளுக்கு முன்னரே கடந்திருந்தது. எதிர்த்து எவரும் வரவில்லை என்று குறிப்பும் எழுதியாயிற்றாம். வராமைக்குக் காரணம் கூறி, மறுதிகதி கேட்டு, தமிழிலே ஒரு மனு எழுதினோம். திகதி கிடைத்தது. அவள் கொண்டுபோனவை பெரிய ஆவணங்கள் அல்ல. பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பத்திரத்தில் உள்ள விலாசம், மின்சாரப் பட்டியல்கள், கிணறு வெட்டிய கூலிக்காரரின் சாட்சியம், அயல்வீட்டார் இருவர். விசாரித்த அலுவலர் நல்ல மனிதர். தமையன் சொன்னதைத்தான் அவர் முன்பு அறிந்திருந்தார். இவளைக் கண்டு கேட்ட பின் முன்னெழுதிய குறிப்பைத் தாமே வெட்டினார். அந்தத் திகதி கிடையாதிருந்தால் மூன்று பிள்ளைகளும் பெரியப்பன் தயவில் ஒரு குடிசையில் இருந்திருப்பர்.

ஆகையால் நேயர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், தமிழில் தரும்படி கேட்பது பிச்சையன்று. அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயம் தந்த உரிமை. உங்கள் காணிக் கோவையில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறிய விரும்பினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதிகள் கேட்கலாம். விசாரணைக்கு முன் கேட்பது நலம். கள்ள உறுதி பற்றிய ஐயம் இருந்தால், பிறர் அக்காணி மீது ஆவணம் பதிய முற்படும்போது உங்களுக்குத் தெரியவரும்படி காணிப் பதிவகத்தில் முன்னெச்சரிக்கை ஒன்று பதிந்துவைக்க வழியுண்டு. நொத்தாரிசு ஒருவரை அணுகுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் காணியைப் பார்த்துக்கொள்ளும் முதியோர் இதனை முதலிற் செய்தல் நன்று.

விசாரணைக்குப் போனால், எதிர்த்தரப்பார் கொடுத்த பத்திரங்களைப் பார்க்கக் கேளுங்கள். பாராது மறுமொழி சொல்லாதீர்கள். அலுவலர் உங்கள் எதிரிக்கு உறவினர் என்றாற் பணிவாக அதனைச் சொல்லி, வேறொருவரைக் கொண்டு விசாரிக்கும்படி எழுதுங்கள். முடிவு வந்தபின் சொல்வதைவிட முன்னர் சொல்வதற்கே பெறுமதி அதிகம். முடிவைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். எழுத்துப் பிழை திருத்துகின்றோம் என்ற பெயரில் உரித்தே மாற்றப்படுகின்றதா என்பதில் விழிப்பாயிருங்கள். பெயரின் ஓரெழுத்தைத் திருத்துவது அலுவலரின் வேலை. ஆளையே மாற்றுவது நீதிமன்றத்தின் வேலை.

குறித்த நாளில் வர இயலாவிடின், வாய்ச்சொல்லாகவோ தொலைபேசியிலோ சொல்லி விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுதி, மறுதிகதி கேட்டு, அந்நாளுக்கு முன்னரே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாற்கந்தோரில் தரும் அந்தச் சிறு பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு இணைத்து, உறுதி வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.